சுயாதீன ஆவணப்பட இயக்குநர்களுக்கு: நிதி, உரிமை, திரை

எந்த நிறுவனத்தின் சம்பளத்திலும் இல்லாமல் ஆவணப்படம் எடுக்க முனையும் ஒருவர் முதலில் கேட்பது, பணம் எங்கே கிடைக்கும் என்பதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கான விடை, படம் எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அமையும். ஆய்வு மட்டும் முடிந்த படத்துக்கு உதவும் நிதி ஒன்று. பாதி எடுக்கப்பட்டு நிற்கும் படத்துக்கு உதவுவது மற்றொன்று. எடிட்டிங் முடிந்து ஒலிக்கலவைக்கும் கலர் கரெக்‌ஷனுக்கும் காத்திருக்கும் படத்துக்கு உதவுவது வேறொன்று. விண்ணப்பத்தின் கடைசித் தேதி நெருங்குகிறது என்பதற்காகப் பொருந்தாத நிதியின் பின்னால் ஓடி, அதைத் தருவோரின் விருப்பத்துக்கு ஏற்பப் படத்தை வளைத்துவிட்டால், பிறகு அது உங்கள் படமாக மீள்வது கடினம். ஆகவே இந்த வழிகாட்டி, நிதிகளின் பட்டியலிலிருந்து தொடங்காமல் படம் வளரும் வரிசையிலேயே செல்கிறது. இந்தியாவில் இருந்து, குறிப்பாகத் தமிழில் படம் எடுப்போரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது.

முன்மொழிவு எழுதுதல்

உலகின் எந்த ஆவணப்பட நிதியாக இருந்தாலும், அதன் தேர்வுக் குழு உங்கள் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நீங்கள் எழுதியதைப் படிக்கிறது. நல்ல படக்காட்சிகளைக் கையில் வைத்திருந்தும் பலர் முதல் சுற்றிலேயே நின்றுவிடுவதற்கு எழுத்தே காரணம். தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்யும் பெண்களைப் பற்றிப் படம் எடுக்க நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘உப்பளத் தொழிலாளர்களின் துயர வாழ்க்கை’ என்று எழுதினால் அது பொருள் மட்டுமே. அதில் இன்னும் படம் இல்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகளில் உப்பு விளைவது நின்றுவிடும். அந்த மாதங்களில் கூலி இல்லை. அப்போது வாங்கும் கடனை அடுத்த பருவத்துக் கூலியில்தான் அடைக்க வேண்டும். ஒரு குடும்பத்தோடு ஒரு மழைக்காலத்தையும் அதைத் தொடரும் கோடையையும் கழிப்பது என்று நீங்கள் முடிவு செய்துவிட்டால், படத்துக்குக் காலமும் ஆட்களும் விடை தெரியாத ஒரு கேள்வியும் கிடைத்துவிடுகின்றன. தேர்வுக் குழு தேடுவது இவற்றைத்தான்.

பெரும்பாலான விண்ணப்பங்களில் கேட்கப்படுபவை ஏறத்தாழ ஒன்றே: இரண்டு வரிகளில் படத்தின் சாரம், ஒரு பக்கக் கதைச்சுருக்கம், படம் எப்படிக் காணவும் கேட்கவும்படும் என்று விளக்கும் ட்ரீட்மென்ட், இயக்குநரின் குறிப்பு, கால அட்டவணை, பட்ஜெட், நிதித் திட்டம், மாதிரிக் காட்சிகள். இவற்றில் ட்ரீட்மென்டைத்தான் நம்மவர்கள் பெரிதும் அலட்சியப்படுத்துகிறார்கள். கேமரா கையில் இருக்குமா, முக்காலியில் நிற்குமா. பின்னணிக் குரல் உண்டா, உண்டென்றால் அது யாருடையது. பேட்டிகள் உட்கார வைத்து எடுக்கப்படுமா, வேலையின் நடுவிலேயே பேசுவார்களா. இசை எங்கிருந்து வரும் என்பதையெல்லாம் அங்கே எழுத வேண்டும். ‘விடியலுக்கு முன் டார்ச் வெளிச்சத்தில் வரப்புகளில் நடந்து வரும் பெண்களோடு படம் தொடங்குகிறது; முதல் சில நிமிடங்களுக்குக் காலடிகளும் காற்றும் தவிர வேறு ஒலி இல்லை’ என்று ஒருவர் எழுதினால், படிப்பவர் அதைப் பார்த்தே விடுகிறார்.

இயக்குநரின் குறிப்பில், இந்தப் படத்தை ஏன் நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்பதற்கு நேர்மையான பதில் இருக்க வேண்டும். அந்த ஊரில் பிறந்தவர் என்றால் அதைச் சொல்லுங்கள். வெளியாள் என்றால், அந்த மக்கள் உங்களை எப்படி, எதனால் ஏற்றுக்கொண்டார்கள் என்பதைச் சொல்லுங்கள். சாதி, பால், வர்க்கம் ஆகியவற்றில் உங்களுக்கும் அவர்களுக்கும் இடையே உள்ள தூரத்தை மறைக்காமல் எழுதுவோரின் குறிப்பையே நான் நம்புவேன்; அனுபவம் உள்ள தேர்வாளர்களும் அதையே எதிர்பார்ப்பார்கள்.

வெளிநாட்டு விண்ணப்பங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனாலும் முதல் வரைவைத் தமிழிலேயே எழுதி முடிக்குமாறு பரிந்துரைக்கிறேன். நேரடியாக ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கும்போது, தொண்டு நிறுவன அறிக்கைகளில் புழங்கும் சொற்கள் தாமாகவே வந்து அமர்ந்துகொள்கின்றன. நேரில் கண்ட மனிதர்கள் அவற்றுக்கு அடியில் மறைந்துபோகிறார்கள். தமிழில் தெளிவாக எழுதியதை ஆங்கிலம் நன்கு தெரிந்த நண்பரைக் கொண்டு மாற்றிக்கொள்ளலாம். அதற்கான கூலியைப் பட்ஜெட்டிலும் சேர்க்கலாம்.

மாதிரிக் காட்சி என்பது விறுவிறுப்பான இசை சேர்த்த டிரெய்லர் ஆகாது. வெட்டாமல் விடப்பட்ட ஒன்றிரண்டு முழுக் காட்சிகளை, பிழையற்ற ஆங்கில சப்டைட்டிலுடன், ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் அமைத்துக் கொடுங்கள். ஒரு பெண் கணக்கப்பிள்ளையிடம் முன்பணம் கேட்டுப் பேசும் நான்கு நிமிடம், உங்கள் கண்ணும் பொறுமையும் எப்படிப்பட்டவை என்பதைக் காட்டிவிடும்.

பட்ஜெட்டில் உங்களுக்கான ஊதியத்தை எழுதத் தயங்காதீர்கள். இயக்குநர் இலவசமாக உழைப்பதாகக் காட்டும் பட்ஜெட் தியாகமாகத் தெரிவதில்லை. திட்டமிடத் தெரியாதவரின் பட்ஜெட்டாகவே தெரிகிறது. ஹார்ட் டிஸ்க்குகள், சப்டைட்டில், வழக்கறிஞர் கட்டணம், பாடல் மற்றும் பழைய காட்சிகளின் உரிமைத்தொகை, திரைப்பட விழாக்களின் நுழைவுக் கட்டணம், எதிர்பாராச் செலவுக்கான பத்து விழுக்காடு ஆகியவை அடிக்கடி விடுபடுபவை.

எங்கே விண்ணப்பிப்பது

ஒரு காலத்தில் இந்தியாவில் ஆவணப்படம் என்றாலே 1948 இல் தொடங்கப்பட்ட ஃபிலிம்ஸ் டிவிஷன்தான். திரையரங்குகளில் படம் தொடங்குமுன் ஓடிய செய்திப்படங்களை நினைவில் வைத்திருப்போர் இன்னும் இருக்கிறார்கள். 2022 இல் அந்நிறுவனத்தின் பணிகள் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டன. இன்று ஒரு சுயாதீன இயக்குநருக்கு அக்கழகத்தின் வழியாகத் திறக்கும் முக்கியமான கதவு, கோவாவில் நவம்பர் மாதம் இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவையொட்டி நடக்கும் ஃபிலிம் பஜார் ஆகும். 2007 இல் தொடங்கிய இச்சந்தையில், 2023 முதல் ஆவணப்படங்களுக்கெனத் தனியாக இணைத் தயாரிப்புப் பிரிவு வந்தது. மும்பை சர்வதேசத் திரைப்பட விழாவும் 2024 இல் ஆவணப்படங்களுக்கான ஒரு சந்தையைத் தொடங்கியது.

தொடக்க நிலையில் உள்ள படத்துக்கு நான் முதலில் சொல்வது கொல்கத்தாவின் டாக்எட்ஜ். 2004 முதல் நடக்கும் இந்த அரங்கில், தேர்வான இயக்குநர்கள் தம் படத்தை மூத்த வழிகாட்டிகளோடு அமர்ந்து பண்படுத்தி, பின்னர் பல நாட்டுத் தொலைக்காட்சி, நிதி, விழாப் பிரதிநிதிகளின் முன் சில நிமிடங்களில் எடுத்துரைக்க வேண்டும். பணம் கிடைக்காமல் திரும்பினாலும், உங்கள் படத்தின் பலவீனம் எது என்பதைப் பலர் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டு திரும்புவீர்கள். முதல் படம் எடுப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள பள்ளி இந்தியாவில் குறைவு. கலை சார்ந்த ஆய்வும் புதிய முயற்சியும் கலந்த திட்டமாக இருந்தால், பெங்களூரில் உள்ள இந்திய கலைகளுக்கான அறக்கட்டளையின் நல்கைகளையும் பார்க்கலாம். ஆங்கிலம் தவிர்த்த இந்திய மொழிகளில் பணியாற்றுவோரை அது வரவேற்கிறது.

வெளிநாட்டு நிதிகளில், நம்மைப் போன்ற நாடுகளின் இயக்குநர்களுக்கென்றே அமைந்தது ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவின் பெர்தா நிதி. 1998 இல் யான் வ்ரைமன் நிதி என்ற பெயரில் தொடங்கிய இது, படத்தை உருவாக்கும் நிலைக்கும் தயாரிப்பு நிலைக்கும் தனித்தனியே விண்ணப்பங்களை ஏற்கிறது. அமெரிக்காவின் சன்டான்ஸ் ஆவணப்பட நிதியும் உலகெங்கிலும் இருந்து விண்ணப்பங்களைப் பெறுகிறது. அங்கே போட்டி மிகக் கடுமை. தென் கொரியாவின் புசான் விழா, ஆசிய சினிமா நிதி என்ற பெயரில் ஆசிய ஆவணப்படங்களுக்குத் தனியே உதவுகிறது. பெண் இயக்குநர்கள், சிக்கன் அண்ட் எக் என்ற அமெரிக்க அமைப்பின் திட்டங்களையும் இந்தியப் பெண் ஆவணப்பட இயக்குநர்களின் கூட்டமைப்பான பிசித்ரா கலெக்டிவையும் அறிந்திருப்பது நல்லது. லண்டனில் இயங்கும் டாக் சொசைட்டி, படத்தைச் சமூக மாற்றத்துக்குப் பயன்படுத்துவது குறித்தும் படக்குழுவின் பாதுகாப்பு குறித்தும் விரிவான கையேடுகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. படிப்பையே தேடுவோருக்கு லிஸ்பன், புடாபெஸ்ட், பிரசல்ஸ் ஆகிய நகரங்களில் தங்கிப் பயிலும் டாக்நோமட்ஸ் என்ற இரண்டாண்டு முதுகலைப் படிப்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவித்தொகையும் அதற்குக் கிடைக்கலாம்.

மக்களிடம் நேரடியாகப் பணம் திரட்டுவதற்கு இணையதளங்கள் வருவதற்கு வெகுமுன்னரே நம் பக்கத்தில் ஒரு முன்மாதிரி உண்டு. கேரளத்தில் மலையாளத் திரைப்பட இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் தொடங்கிய ஒடேசா கூட்டமைப்பு, ஊர் ஊராகச் சென்று படங்களைத் திரையிட்டு, மக்கள் தந்த சிறு தொகைகளைச் சேர்த்து 1986 இல் ஒரு முழுநீளப் படத்தையே தயாரித்தது. சிறிய பட்ஜெட் ஆவணப்படத்துக்கு இவ்வழி இன்றும் பொருந்தும். இதில் கிடைக்கும் பெரும்பயன், படம் முடியுமுன்பே அதற்கான பார்வையாளர்கள் உருவாகிவிடுவது.

ஒவ்வொரு நிதியின் தகுதி விதிகளும் தொகையும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை முழுமையாகப் படித்த பிறகே எழுதத் தொடங்குங்கள்.

பணம் வரும் வழியும் பதிப்புரிமையும்

இதைக் கூடுதலாகக் கவனித்துப் படிக்க வேண்டுகிறேன். சுயாதீனம் என்ற சொல்லுக்கு நடைமுறையில் பொருள் தருவது ஒப்பந்தத் தாள்தான்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 இன்படி ஒரு திரைப்படத்தின் ஆசிரியர் அதன் தயாரிப்பாளர், இயக்குநர் அல்லர். மேலும், ஒருவர் பணம் கொடுத்து அவர் கேட்டுக்கொண்டபடி எடுக்கப்பட்ட படத்துக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், அந்த நபரே முதல் உரிமையாளர் என்று 17 ஆம் பிரிவு கூறுகிறது. பல ஆண்டுகள் உழைத்து எடுத்த படத்தைத் தம் ஊர் நூலகத்தில் திரையிடக்கூட அனுமதி கேட்க வேண்டிய நிலை ஓர் இயக்குநருக்கு வருவது இதனால்தான். எனவே, இயலும்போதெல்லாம் தயாரிப்பாளராகவோ இணைத் தயாரிப்பாளராகவோ உங்கள் பெயரை ஒப்பந்தத்தில் இடம்பெறச் செய்யுங்கள். அது முடியாத இடத்தில், கல்வி மற்றும் வணிகமற்ற திரையிடலுக்கான உரிமையையாவது எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொலைக்காட்சிக்கோ ஓடிடி தளத்துக்கோ கொடுக்கும்போது எத்தனை ஆண்டுகள், எந்தெந்த நாடுகள், எந்தெந்த மொழிகள், அவர்களுக்கு மட்டுமேயான உரிமையா என்ற நான்கையும் குறிப்பிட வேண்டும். உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா என்றும் 19 ஆம் பிரிவு கொள்கிறது; அனுபவமுள்ள நிறுவனங்கள் அந்த இடங்களை வெற்றாக விடுவதில்லை, ‘என்றென்றைக்கும், உலகமெங்கும்’ என்று நிரப்பியே அனுப்பும். அந்தச் சொற்களைக் கண்டால் உடனே கையொப்பமிடாமல் பேசத் தொடங்குங்கள். ஒளிப்பதிவாளர், எடிட்டர், இசையமைப்பாளர் ஆகியோருடன் நட்பின் அடிப்படையில் வேலை நடந்தாலும், ஒரு பக்க ஒப்பந்தமாவது இருப்பது நட்புக்கே நல்லது.

வெளிநாட்டு நல்கை என்றால் வெளிநாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை)ச் சட்டம், 2010 குறுக்கே வரும். பதிவோ முன்னனுமதியோ இல்லாமல் நன்கொடையாகப் பணம் பெற இச்சட்டம் தடையாக உள்ளது. செய்தி மற்றும் நடப்பு நிகழ்ச்சிகளைத் தயாரிக்கும் நிறுவனங்கள் பெறவே கூடாது என்றும் கூறுகிறது. வணிக முறையில் ஒரு சேவைக்கான கட்டணமாக வரும் பணத்தின் நிலை வேறு. வரப்போகும் தொகை நல்கையா, இணைத் தயாரிப்பு முதலீடா, உரிமைக்கான விலையா என்பதை ஒப்பந்தம் எழுதும் முன்பே, இச்சட்டம் தெரிந்த பட்டயக் கணக்காளரிடம் காட்டி முடிவு செய்துகொள்ளுங்கள். பணம் வங்கிக்கு வந்த பிறகு இதை யோசிப்பதால் பயனில்லை.

அனுமதி, ஒப்புதல், பின்னணியில் ஒலிக்கும் பாட்டு

வனப்பகுதி, ரயில் நிலையம், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்கள், அறநிலையத் துறைக் கோயில்கள் ஆகியவற்றில் படமெடுக்கத் தனித்தனி அனுமதி தேவை. தூத்துக்குடி போலத் துறைமுகமும் விமான நிலையமும் உள்ள ஊரில் ட்ரோன் பறக்கவிடும் எண்ணம் இருந்தால், 2021 ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வரைபடத்தில் அந்த இடம் எந்த நிறப் பகுதியில் வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

படத்தில் வரும் மனிதர்களின் ஒப்புதல் இவற்றையெல்லாம்விடப் பெரிது. ஆங்கிலப் படிவத்தில் கைநாட்டு வாங்குவதை ஒப்புதல் என்று நான் கருதுவதில்லை. படிவத்தைத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, படம் எங்கெல்லாம் போகக்கூடும், அவர்களுடைய முதலாளியும் பார்க்கக்கூடும் என்பதையெல்லாம் விளக்கி, அந்த உரையாடலையே கேமராவில் பதிவு செய்துகொள்ளுங்கள். எடிட்டிங் இறுதியாகும் முன் அவர்கள் வரும் பகுதிகளை அவர்களுக்குக் காட்டுங்கள்; வேலை பறிபோகும் என்று ஒரு பெண் அஞ்சிச் சொன்னால், அந்தக் காட்சி எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் அதை எடுத்துவிடுங்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள், சட்டத்துடன் முரண்பட்ட குழந்தைகள் ஆகியோரின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74 ஆம் பிரிவும், பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதைப் போக்சோ சட்டத்தின் 23 ஆம் பிரிவும் தடை செய்கின்றன. முகத்தை மங்கலாக்குவது மட்டும் போதாது. வீடு, பள்ளிச் சீருடை, உறவினர் பெயர் ஆகியவையும் அடையாளமே.

தமிழ்நாட்டில் படமெடுப்போருக்கு இன்னொரு தொல்லை உண்டு: எங்கே கேமராவை வைத்தாலும் ஒரு சினிமாப் பாட்டு கேட்கும். பின்னணியில் தற்செயலாக வரும் ஓவியம், சிற்பம் போன்றவற்றுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52 ஆம் பிரிவில் விலக்கு உண்டு. பாட்டுக்கு அப்படித் தெளிவான விலக்கு இல்லை. எனவே முக்கியமான உரையாடல் நடக்கும்போது டீக்கடைக்காரரிடம் கேட்டு ரேடியோவை நிறுத்திக்கொள்வது, பின்னால் லட்சங்களில் உரிமைத்தொகை பேசுவதைவிட எளிது.

பழைய ஆவணங்களும் கருவிகளும்

வரலாறு சார்ந்த படங்களுக்குத் தமிழில் நல்ல சேமிப்புகள் இருக்கின்றன. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படத் தொகுப்பு, ஈழத்து எழுத்துகளுக்கு இணையத்தில் நூலகம் நிறுவனம் ஆகியவற்றைக் கதவு தட்டிப் பார்க்க வேண்டும். திரைப்படங்களுக்கு, அவை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். புகைப்படங்களுக்கு, 2012 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, எடுத்தவரின் ஆயுட்காலமும் அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளும் நீடிக்கும். அது முடிந்தவையாக இருந்தாலும், பிரதி தரும் காப்பகம் தனியே கட்டணமும் நன்றிக்குறிப்பும் கேட்கலாம்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேமராவுக்காகக் கடன் வாங்காதீர்கள். ஒரு நல்ல ஷாட்கன் மைக்குக்கும் சட்டையில் பொருத்தும் இரண்டு லேபல் மைக்குகளுக்கும் செலவிடுங்கள். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு வினாடியில் வைத்தால் திரை மினுங்காது. எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பும், சப்டைட்டிலுக்கு சப்டைட்டில் எடிட்டும், திரையரங்குப் பிரதிக்கு டிசிபி-ஓ-மேட்டிக்கும் ஒரு முழுநீளப் படத்துக்கே போதுமானவை.

படத்தைத் திரைக்குக் கொண்டு செல்லுதல்

படம் முடிந்த அன்றே அதை யூடியூபில் ஏற்றிவிடும் ஆவல் இயல்பானது. ஆனால் பெரிய விழாக்கள் பலவும் தம் திரையிலேயே முதல் காட்சி நிகழ வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. இணையத்தில் பொதுவாக வெளியான படத்துக்கு அந்தக் கதவுகள் மூடிவிடும். ஆகவே எந்த விழாவில் முதல் காட்சி என்று முன்பே முடிவு செய்து, அதன் பதில் வரும்வரை மற்றவற்றைக் காத்திருக்க வையுங்கள். நீங்கள் எடுத்தது ஓர் உடனடிப் போராட்டத்துக்கு உதவ வேண்டிய படமாக இருந்தால் இந்தக் கணக்குகளை விட்டுவிட்டு அன்றே வெளியிடுங்கள். அந்தப் படத்துக்கு அதுவே சரியான திரை.

ஆசிய இயக்குநருக்கு ஜப்பானின் யமகட்டா விழா தனி மதிப்புடையது. யமகட்டா வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் விவசாயிகளோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து படமெடுத்த ஒகாவா ஷின்சுகேயின் முயற்சியால் 1989 இல் தொடங்கி, ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் அவ்விழாவில், வளரும் ஆசிய இயக்குநர்களுக்கென்றே ஒரு பிரிவும் அவர் பெயரில் ஒரு விருதும் உண்டு. அருகில், திருவனந்தபுரத்தில் கேரள சலச்சித்ர அகாடமி நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழா. காத்மாண்டுவில் 1997 முதல் நடக்கும் ஃபிலிம் சவுத்ஏசியா. 1990 இல் தொடங்கி ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் மும்பை விழா ஆகியவை இருக்கின்றன. தமிழில், மறுபக்கம் அமைப்பு 1998 முதல் மதுரையில் நடத்திவரும் விழாவும் சென்னையில் நடத்தும் விழாவும், பெரிய பணபலம் இல்லாமலேயே ஒரு தலைமுறை ஆவணப்பட இயக்குநர்களுக்கு முதல் பார்வையாளர்களைத் தந்திருக்கின்றன. இலங்கைத் தமிழ் வாழ்வு சார்ந்த படங்களுக்கு யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழா இயல்பான இடம். நுழைவுக் கட்டணம் சுமையாக இருந்தால், விழாவுக்கு மின்னஞ்சல் எழுதிச் சலுகை கேளுங்கள். பல விழாக்கள் தருகின்றன.

இந்தியாவில் பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவை. அதை வழங்கும் மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியத்தின் மண்டல அலுவலகம் சென்னையில் உள்ளது, விண்ணப்பம் இணையவழி. விழாக்கள் தம் படப்பட்டியலை அனுப்பி மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்குப் பெறுகின்றன. 2004 இல் மும்பை விழா, இந்தியப் படங்களுக்கு மட்டும் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டபோது, ஆவணப்பட இயக்குநர்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்ததோடு, விகல்ப் என்ற பெயரில் மாற்றுத் திரையிடலையும் நடத்தினார்கள். தேசியத் திரைப்பட விருதுக்கும் அந்தந்த ஆண்டில் பெற்ற சான்றிதழ் கட்டாயம். எனவே விருதுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் டிசம்பர் வரை காத்திராமல் முன்னதாகவே விண்ணப்பித்துவிடுங்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 இல் கலைக்கப்பட்டதால், வாரியத்தின் முடிவை எதிர்த்துச் செல்ல வேண்டிய இடம் இப்போது உயர் நீதிமன்றமே.

விழாச் சுற்று முடிந்ததும் கல்லூரிக் காட்சித் தொடர்பியல் துறைகள், தொழிற்சங்கங்கள், திரைப்பட இயக்கங்கள், படமெடுத்த ஊர் ஆகிய இடங்களுக்குப் படத்தைக் கொண்டு செல்லுங்கள். கல்லூரிகளிடம் ஒரு சிறு கட்டணம் கேட்பது தவறாகாது. அடுத்த படத்தின் ஆய்வுப் பயணச் செலவு அதிலிருந்து வரும். ஊரில் காட்டும்போது கட்டணம் வேண்டாம்.

கடைசியாக, எடுத்த காட்சிகளைப் பாதுகாப்பதற்கான ஏற்பாடு. படத்தில் இடம்பெற்றது ஒன்றரை மணி நேரம் என்றால், இடம்பெறாமல் உங்களிடம் தங்கிவிட்டது பன்மடங்கு இருக்கும். அதில் இனி யாரும் பதிவு செய்ய முடியாத குரல்களும் இருக்கும். மூன்று பிரதிகள் எடுத்து, அவற்றில் ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். ஹார்ட் டிஸ்க்குகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது இயக்கிப் பாருங்கள். சில ஆண்டுகளில் புதியவற்றுக்கு மாற்றுங்கள். யார், எங்கே, எப்போது என்று தமிழில் எழுதிய பட்டியல் ஒன்றை ஒவ்வொரு பிரதியோடும் சேர்த்து வையுங்கள். பிறகு, யார் பார்க்கலாம், யார் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனைகளை எழுத்தில் வகுத்துக்கொண்டு, ஒரு பிரதியை ஆய்வு நூலகம் ஒன்றிடம் ஒப்படைப்பது குறித்துப் பேசத் தொடங்குங்கள்.